வெளிச்சப் பட்டை

"இப்போ பாருங்கப்பா, கூடுச்சா?"

"எங்கடி கூடுச்சு? இருட்டடிச்சுதான் கிடக்கு."

மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்பாவின் லேப்டாப் வேறு ஊரில், அவர் மேசைமேல் இருந்தது. அதன் திரையை இணையம் வழியாகத் தன் கணினியில் கொண்டுவந்திருந்தாள். எழுத்து வரும், படம் வரும். அந்தத் திரையின் வெளிச்சம் மட்டும் இந்தப் பக்கம் வராது. அதற்குப் போனில் அப்பா சொல்வதுதான் சாட்சி.

அவர் ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்துபவர். நாளைக்குக் கொடுக்க வேண்டிய புத்தகம் பாதியில் நிற்கிறது. போன வாரம் அதில் பழைய இயங்குதளத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்த புண்ணியவதி இவள்தான். அன்றிலிருந்து, பழசே தேவலை என்று உயிரை வாங்குகிறார்.

குறை சொல்வது அவருக்குக் கைவந்த கலை. அறைக்குப் புது பல்பு வாங்கி மாட்டிவிட்டு, மங்கலாக எரிகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போன மனிதர்.

ஆனால் இந்தத் தடவை பாவம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வெளிச்சம் கூட்டும் விசையை அமுக்கினால் திரையில் வெளிச்சப் பட்டை மட்டும் ஏறும், வெளிச்சம் ஏறாது. லினக்ஸுக்கு இது பழைய வியாதி. வைத்தியம் அவளுக்கு அத்துப்படி.

லேப்டாப் கிளம்பும்போது படிக்கிற அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தாள். ரீஸ்டார்ட். அப்பா இல்லை என்றார். அந்த வரியை எடுத்துவிட்டு வேறொன்று போட்டாள். அதற்கும் இல்லை.

கடைசியில் விசையையே நம்பாமல், வெளிச்சத்தை உச்சத்தில் வை என்று நேராகவே கட்டளை கொடுத்தாள். அளவு மளமளவென்று ஏறி உச்சத்தில் நின்றது.

"ம்ஹூம்" என்றார் அப்பா.

அவளுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கும்போதே போனில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே அம்மாவின் குரல்.

"ஐயய்யோ, என்னங்க இந்த ஸ்கிரீன், கண்ணு கூசுது! கொஞ்சம் குறைச்சு வையுங்களேன்."

மகளின் விரல்கள் விசைப்பலகைமேல் அப்படியே நின்றன. அந்தப் பல்பு ஞாபகம் வந்தது. அதுவும் பளிச்சென்றுதான் எரிந்திருக்க வேண்டும்.

பிறகு அப்பா மெல்லக் கேட்டார். குரலில் சண்டையே இல்லை.

"இன்னொரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமாம்மா?"

"பண்ணலாம்ப்பா" என்றாள்.