நெஞ்சுவலியும் மீஞ்சூர் மச்சானும்

கிருஷ்ணப்பன் வேலையை விட்டுப் போகிறான் என்பதில் காஜா மொய்தீனுக்குச் சந்தேகமில்லை. அவன் சொன்ன காரணத்தில்தான் சந்தேகம்.

காரணம் ஒன்றாக இருந்திருந்தாலும் பரவாயில்லை. ஹெட் கிளார்க் சுப்பராயனிடம், நெஞ்சு வலிக்கிறது, டின் தூக்க முடியவில்லை என்றிருக்கிறான். காலி டின் கழுவும் தாயம்மாவிடம், மீஞ்சூரில் மச்சானின் மாந்தோப்புக்குக் காவல் போகிறேன் என்றிருக்கிறான்.

நெஞ்சுவலிக்காரனை எந்த மச்சான் காவலுக்கு வைப்பான்? வைத்தாலும், இன்றைக்கே வா என்று பிடரியைப் பிடித்து இழுப்பானா?

காஜா மொய்தீன் தண்டையார்பேட்டை மண்ணெண்ணெய் டிப்போவின் வாசல் காவல்காரர். சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். காலையில் உள்ளே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து, பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் வாங்கி வாசலிலேயே வைத்துவிடுவார். மடி, இடுப்பு, தலைப்பாகை, எதுவும் அவர் கைக்குத் தப்பாது. ஒரு தீக்குச்சி உள்ளே போனால் டிப்போவும் போகும், பேட்டையும் போகும்.

குடுமியை அவிழ்த்துப் பார்ப்பது மட்டும் மாசியில் வந்த சட்டம்.

மாசியில் டின் நிரப்பும் கொட்டகை பற்றிக்கொண்டது. கிருஷ்ணப்பனின் ஒரே மகன் மண்ணாங்கட்டி அதில் வெந்துபோனான். முன்னால் பிறந்ததெல்லாம் தங்கவில்லை என்று எமனை ஏமாற்ற வைத்த பெயர். எமன் ஏமாறவில்லை.

டிப்போவை நடத்தும் துரைக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. பையன் குடுமிக்குள் தீக்குச்சியை ஒளித்துக்கொண்டு போயிருப்பான் என்று ஒன்று கிடைத்தது. அதோடு விசாரணை முடிந்தது.

அன்றிலிருந்து காஜா மொய்தீன் எல்லார் குடுமியையும் அவிழ்ப்பார், கிருஷ்ணப்பனுடையதைத் தவிர. பிள்ளையைப் பறிகொடுத்தவன் தலையில் எப்படிக் கை வைப்பது? தோளைத் தொட்டு, போ என்று விட்டுவிடுவார். பாய்க்கு இளகின மனசு என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இன்றைக்கு அந்த இளகின மனசே அவருக்கு வினையாக வந்து நின்றது.

அவருடைய மகன் ஹுமாயூனை நேற்றுத்தான் அந்தக் கொட்டகையில் போட்டிருந்தார்கள். மண்ணாங்கட்டி நின்ற அதே குழாயடி. நேற்று இவர் பிள்ளை உள்ளே போகிறான், இன்று கிருஷ்ணப்பன் வேலையை விட்டு வெளியே போகிறான். தற்செயல் என்று நம்ப காஜா மொய்தீன் கைக்குழந்தை இல்லை.

மத்தியானமே துரையிடம் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? சந்தேகமாக இருக்கிறது என்றால், அவனை ஏன் ஒழுங்காகச் சோதிக்கவில்லை என்று அங்கிருந்து கேள்வி வரும். வாசலை விட்டு நகரவும் முடியாது. கடற்காற்றில் கொஞ்சம் எண்ணெய் வாடை தூக்கலாக வந்தாலும் கொட்டகைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பகலைத் தள்ளினார்.

சங்கு ஊதியது. முதல் ஆளாகக் கிருஷ்ணப்பன் வந்தான். ஹுமாயூனைக் காணோம்.

உள்ளே எதையாவது வைத்துவிட்டு வருகிறானா?

"நில்லு கிருஷ்ணப்பா. அங்க நெஞ்சுவலின்றே, இங்க மீஞ்சூர்ன்றே. நெசமா இன்னா விசயம்?"

கிருஷ்ணப்பன் நின்றான். ஓடுகிறவன் மாதிரியும் இல்லை, ஒளிக்கிறவன் மாதிரியும் இல்லை. அது அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை. வெளியே போகிறவனைச் சோதிக்கும் வழக்கம் இல்லை என்பதையும் மறந்து மடியைத் தடவினார். இடுப்பைத் தடவினார். ஒன்றும் அகப்படவில்லை. கை தோள் வரை ஏறி, பழக்கதோஷத்தில் அங்கேயே நின்றுவிட்டது.

கிருஷ்ணப்பன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு தானே குடுமியை அவிழ்த்தான். நரைத்த மயிருக்குள்ளிருந்து சின்னத் துணிமுடிச்சு ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான்.

பிரித்தால் தீக்குச்சிகள். கூடவே, தீப்பெட்டியிலிருந்து கிழித்த உரசுகிற பட்டை ஒரு துண்டு.

"மாசிலேர்ந்து தெனம் எடுத்துகினுதான் போறேன் பாய். நேத்து ஒண்ணைக் கையில எடுத்துட்டேன். உன் புள்ள வந்து, நைனா தண்ணி குடிக்கிறியான்னு சொம்பை நீட்டுச்சு. இதைப் போயி கிளார்க்காண்ட இன்னான்னு சொல்றது? அதான் நெஞ்சுவலின்னேன்."

குடுமியை முடிந்துகொண்டு, ரயில் லைன் பக்கமாக நடந்துவிட்டான். காஜா மொய்தீன் அவனைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஹுமாயூன் கும்பலோடு வந்தான். சட்டையெல்லாம் எண்ணெய். உயிரோடு, முழுசாக வந்தான். காஜா மொய்தீனுக்கு அழவேண்டும் போலிருந்தது.

"கையில இன்னா அத்தா?"

அவர் கையை இறுக மூடிக்கொண்டார். ஒன்றுமில்லை, போ என்றார்.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. துரைக்குக் குடுமியைக் காரணமாக எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். தீப்பிடித்த அன்று காலை, சட்டம் வருவதற்கு முன்பே, ஏதோ சந்தேகத்தில் மண்ணாங்கட்டியின் குடுமியை அவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, போ என்று உள்ளே அனுப்பியவரும் அவர்தான்.

அன்று வரிசையில் பையனுக்கு அடுத்து, அதைப் பார்த்தபடி கிருஷ்ணப்பன் நின்றுகொண்டிருந்தான்.