சிவப்பு வளையம்

அந்த வளையத்தை அழிக்க அவருக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

கம்ப்யூட்டரில் படத்தை முடிந்தவரை பெரிதாக்கினார். பறவையின் இடது காலில் சிவப்பாக ஒரு பிளாஸ்டிக் வளையம். அதன்மேல் காலின் நிறத்தை எடுத்துத் தடவினார். வளையம் இருந்த சுவடே தெரியவில்லை.

இருபத்தெட்டு வருடமாக அச்சகத்தில் அடுத்தவர் பிழையைத் திருத்துகிற மனிதர் அவர். 'இது மட்டும் என்னவாம்?' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

வளையம் இருந்தால் அது யார் வீட்டுக் கூண்டிலிருந்தோ தப்பி வந்த பறவை. இல்லையென்றால், குளிர்காலத்துக்கு வழி தவறி வந்த அபூர்வ விருந்தாளி. வித்தியாசம் அவ்வளவுதான்.

பறவை பார்ப்போர் குழுவில் அவருக்கு 'வால் சார்' என்று பெயர். நான்கு குளிர்காலமாகக் கொல்லைப்புறத்தில் கேமராவோடு தவம் கிடந்தும், பறந்து போகிற வால்தான் படத்தில் விழும். ஒரே ஒருமுறை முகத்தோடு ஆந்தை ஒன்றை எடுத்து அனுப்பினார். அது கொடியில் காய்ந்த மனைவியின் கம்பளிக் குல்லா. குழு ஒரு வாரம் சிரித்தது.

இப்போது முகம், ஆரஞ்சு மார்பு, கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளி எல்லாம் கிடைத்திருக்கின்றன. விடுவாரா? அனுப்பிவிட்டார்.

பாராட்டு கொட்டியது. கடைசியாகக் குழுத் தலைவரான கண் டாக்டரிடமிருந்து ஒரு செய்தி:

"ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன். நேரில் பார்த்தால்தான் அபூர்வப் பறவைகள் பட்டியலில் சேர்க்க முடியும்."

அதை அவர் மூன்று முறை படித்தார்.

அன்றிலிருந்து கேமராவைத் தொடவில்லை. கொல்லைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமை மாலை, மனைவி ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குப் போனதும், பறவைகளுக்குத் தானியம் வைக்கும் தட்டை எடுத்து ஒளித்துவைத்தார். தீனி இல்லாவிட்டால் பறவை வராது. வராவிட்டால் வளையமும் தெரியாது.

ஞாயிறு காலை சமையலறை ஜன்னல் வழியே பார்த்தால், தட்டு பழைய இடத்திலேயே தானியத்தோடு இருந்தது.

"யார் வச்சது?"

"நான்தாங்க. இந்தக் குளிர்ல பாவம், அதுங்க எங்க போகும்? தட்டு எதுக்கு ஷூ அலமாரிக்குள்ள போச்சு?"

"கழுவலாம்னு எடுத்தேன்."

"நீங்களா? கழுவவா?" என்று மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

அழைப்பு மணி அடித்தது.

டாக்டர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு, பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். "வால் சார், மூச்சு சத்தம் கேக்குது. கொஞ்சம் மெதுவா."

நான்கு வருடமாக 'வா வா' என்று பறவைகளைக் கெஞ்சியவர், இன்று 'வராதே, வராதே' என்று மனதுக்குள் மன்றாடினார்.

வந்தது. தட்டின் விளிம்பில், யாரோ சொல்லிவைத்த மாதிரி, இவர்களைப் பார்த்தபடியே உட்கார்ந்தது.

"அடடா!" என்றார் டாக்டர். பிறகு குரல் மாறியது. "இடது கால்ல என்னமோ தெரியுதே..."

அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். சொல்லிவிடலாம். இவரே கண்டுபிடிப்பதற்குள் நாமே சொல்லிவிட்டால் பாதி மானமாவது மிஞ்சும்.

"டாக்டர், அது வந்து..."

"காயம் சார். ஆறிக்கிட்டு வருது. காட்டுல திரியறதுன்னா அடிபடத்தானே செய்யும்? வளையம் கிளையம் இருக்கான்னு பார்க்கத்தான் வந்தேன். சுத்தமா இல்லை. பட்டியல்ல சேர்த்துடறேன்."

அவர் டாக்டர் கையிலிருந்து பைனாகுலரைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். காலில் காய்ந்துவரும் புண் மட்டும்தான் இருந்தது. வளையம் இல்லை.

"இனிமே உங்களை யாராவது வால் சார்னு கூப்பிட்டா எங்கிட்ட சொல்லுங்க" என்று முதுகில் தட்டிவிட்டுக் கிளம்பினார் டாக்டர்.

கதவைச் சாத்திவிட்டு வந்த அவர் அப்படியே நின்றார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றாள் மனைவி.

"அது கால்ல ஒரு..."

"சிவப்பு வளையமா? வெள்ளிக்கிழமை நீங்க அச்சகம் போனப்புறம் நான்தான் வெட்டி எடுத்தேன். கையில தானியத்தை வச்சு நீட்டினா பழகின பிள்ளை மாதிரி வந்து உட்காருது. ஆஸ்பத்திரியில வீங்கின விரல்லேர்ந்து மோதிரத்தை வெட்டறதுதான் பெரிய பாடு. இது பிளாஸ்டிக்தானே, சின்னக் கத்திரியே போதுமா இருந்துச்சு."

"வளையம் இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் கம்ப்யூட்டர்ல அவ்வளவு பெருசாக்கி வச்சிருந்தீங்களே. டீ கொண்டுவந்தவ பின்னாலேயே நின்னு பார்த்தேன். வளையம் சதைக்குள்ள புதைஞ்சு, கால் எப்படி வீங்கியிருந்துச்சு! அது உங்க கண்ணுல படவே இல்லையா?"



"அப்ப, நான் அழிச்சதையும் பார்த்தியா?"

"பார்த்தேன். நீங்க படத்துல எடுத்துட்டீங்க. அதனால அதுக்கு வலி போகலையேன்னுதான், நான் கால்லேர்ந்து எடுத்தேன்."