மாப்பிள்ளைக்கு ஒரு வழுக்கை

"இந்த மனுசனை வடிவில்லாமல் ஆக்கித் தருவீங்களோ அண்ணை?"

வவுனியா கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த ராசனிடம் அதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கறுத்தவர்கள் வெளுக்கச் சொல்வார்கள். நோஞ்சான்கள் தோள் கேட்பார்கள். நெகட்டிவ்வில் பென்சிலால் கீறிக் கீறி, கடவுள் கொடுக்க மறந்ததையெல்லாம் அவர் கொடுத்திருக்கிறார். கடவுளும் இதுவரை வந்து சண்டை பிடித்ததில்லை.

கேட்டவள் புளியங்குளத்துப் பள்ளிக்கூட ரீச்சர் அருந்ததி. பஸ்ஸில் வந்த வியர்வையைத் துடைத்தபடி அவள் மேசையில் வைத்த படத்தில், சுருட்டை முடியும் ஒட்டிய வயிறுமாக ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். ராசன் அதைச் சட்டென்று கவிழ்த்து வைத்தார்.

"பின்னால உங்கட கடைச் சீல் இருந்தது. அதுதான் இஞ்ச வந்தனான்."

"இந்தப் படம் உங்களிட்டை எப்பிடி, ரீச்சர்?"

"தரகர் கொண்டந்தவர். வெள்ளிக்கிழமை பொம்பிளை பாக்க வருகினமாம். பேர், ஊர் ஒண்டும் எனக்குச் சொல்லேல்லை. படத்தை மட்டும்தான் காட்டினவை. அப்பா கண்டவுடனே எடுபட்டுப்போனார்."

"நல்ல சம்பந்தம்தானே? ஆளை எனக்குத் தெரியும். தங்கமான மனுசன்."

"தங்கமோ பித்தளையோ, எனக்கு வேண்டாம். என்னைப் பாருங்கோ. இவரோட நான் ஒரு கலியாண வீட்டுக்குப் போனால், சனம் சாப்பாட்டை விட்டிட்டு எங்களைத்தான் பாக்கும். 'இவள் எப்பிடி இவனைப் பிடிச்சாள்' எண்டு கதைக்கும். சாகும் மட்டும் அந்தக் கதையை என்னால கேக்க ஏலாது."

அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. முதல் தடவையாக ராசனுக்குத் தன் பென்சில் மேல் கோபம் வந்தது.

"படத்தை மாத்தினால் உங்கட அப்பா கண்டுபிடிக்க மாட்டாரோ?"

"அவருக்கு வியாழக்கிழமை புதுக் கண்ணாடி வருது. பழையதாலை பிழையாப் பாத்திட்டன் எண்டு நினைப்பார்."

ராசன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இந்த மூளையிடம் படிக்கிற பிள்ளைகள் பாவம் என்று நினைத்தார். ஆனாலும் அவளை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"சரி, என்னென்ன செய்ய வேணும்?"

"முடியைக் கழிச்சு விடுங்கோ."

"எவ்வளவு?"

அருந்ததி சுற்றிலும் பார்த்தாள். அளவு காட்ட அங்கே வேறு தலை இல்லை.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. உங்கட தலை அளவுக்குக் கழிச்சால் காணும்."

"வயிறு?"

"அதுவும் உங்கட அளவுக்கே இருக்கட்டும்."

"மூக்கு?"

"அதைத் தொடாதேங்கோ. மூக்கில ஒரு பிழையும் இல்லை."

ராசன் தன் மூக்கைத் தடவிக்கொண்டே இருட்டறைக்குள் போனார். போன சூட்டோடு ஒரு படத்துடன் திரும்பி வந்தார்.

"இவ்வளவு கெதியாவோ?" என்றாள் அருந்ததி.

"இதில நான் ஒண்டும் செய்யேல்லை, ரீச்சர். இது பென்சில் படுறதுக்கு முதல் எடுத்த கொப்பி. ஆள் உண்மையில இப்பிடித்தான்."

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை வாறதோ விடுறதோ, நீங்களே சொல்லுங்கோ" என்றார் மாப்பிள்ளை.