செலவில்லாத வெளிச்சம்

மாமனார் சேர்த்த பழைய நாணயங்களை இணையத்தில் விற்க, என் கணவர் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டியின் அடியை வட்டமாக அறுத்து, நாணயத்தின்மேல் கவிழ்த்து, ஓட்டைக்கு நேரே செல்போனைப் பிடித்தார். பக்கத்தில் மேசை விளக்கு.

“பாத்தியா, வெளிச்சம் எப்படிப் பரவுது! லைட் பாக்ஸ்னு கடையில மூவாயிரம் கேக்கறான்.”

“சட்டி ஏதுங்க?”

“வீட்டுல இருந்ததுதான். நானே மூணு தடவை தேச்சுக் கழுவினேன்.”

சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாதவர்!

உள்ளறையில், ஒரு வருடமாகப் படுக்கையிலிருக்கும் மாமனாரின் குரல் கெஞ்சியது.

“அம்மாடி, கட்டிலுக்கு அடியில இருந்த சட்டியக் காணோமே. அடக்க முடியலம்மா...”

அந்தச் சட்டியைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவர், அதன்மேல் குனிந்த முகத்தை நிமிர்த்தாமலே சொன்னார்:

“கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. இன்னும் நாலே நாலு காசுதான்.”