பிடியை விடலாம்

இலுப்பை மரத்து வௌவால்களுக்குத் தலைவர் வைத்ததுதான் சட்டம். அன்று பொதுக்குழு கூடியது.

"பழுத்த கிளை இனி எனக்கு மட்டும். சம்மதிப்பவர்கள் அப்படியே தொங்குங்கள். மறுப்பவர்கள் பிடியை விடலாம்" என்றார் தலைவர்.

ஒரு காலும் அசையவில்லை. "ஒருமனதாக நிறைவேறியது" என்றார்.

செவலை வௌவாலுக்கு மனசு ஆறவில்லை. "இதெல்லாம் ஒரு ஓட்டெடுப்பா?" என்று கேட்டுவிட்டு, பிடியை விட்டுப் பறந்தது. அதை நம்பி நாலைந்து வௌவால்கள் பின்னாலேயே கிளம்பின.

பக்கத்துத் தோப்பில் ஒரு நாவல் மரம் அகப்பட்டது. அதில் ஒரே ஒரு கிளைதான் பழுத்திருந்தது. செவலை முந்திக்கொண்டு அதில் தொங்கியது.

"தலைவரே, இந்தக் கிளை யாருக்கு?" என்று கூட வந்த ஒன்று பணிவாகக் கேட்டது.

தலைவரே என்ற சொல் செவலையின் காதுக்கு இதமாக இருந்தது.

"ஓட்டுக்கு விடுவோம். எனக்குத்தான் என்று சம்மதிப்பவர்கள் அப்படியே தொங்குங்கள்" என்றார் செவலை.