விழுந்து பார்த்த பாடம்

இலைகளை இழுத்துச் சேர்த்துக் கூடு தைப்பதுதான் மாமரத்து முசுறு எறும்புகளின் வேலை. மறுநாள் இருநூறு புது எறும்புகள் வேலைக்குச் சேரவிருந்தன. அவற்றுக்கான பாடத்தைப் பவளம் என்ற எறும்பு பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியிருந்தது. சபாஷ் வாங்கும் ஆசையில், மரத்திலேயே கைதேர்ந்த தையல்காரி அஞ்சலையிடம் கொண்டுபோனது.

"நீ வாசிடி, நான் செஞ்சு பாக்குறேன்," என்றது அஞ்சலை.

"இலை நுனிக்குப் போகணும். எதிர் இலையோட ஓரத்தைக் கவ்வணும். பலங்கொண்ட மட்டும் இழுக்கணும்."

அஞ்சலை போனது, கவ்வியது, இழுத்தது. இலை விசுக்கென்று பின்வாங்க, பிடி நழுவி, கீழே மேய்ந்துகொண்டிருந்த கோழியின் அலகருகே போய் விழுந்தது. பவளத்துக்கு உயிரே போய்விட்டது. அஞ்சலை வேரிடுக்கில் புகுந்து தப்பி, மூச்சிரைக்க மேலேறி வந்தது.

"பின்னங்காலால நிக்கிற இலையைப் பிடிச்சுக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா அக்கா?"

"எனக்குத் தெரியும்டி. உன் பாடத்துக்குத் தெரியலையே. நாளைக்கு வர்றதுங்க அதைத்தானே நம்பும்?"

இத்தனை வருஷப் பழக்கத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவளாக விழ யாருக்கு மனசு வரும்! விட்டுப்போன வரியைப் பவளம் உடனே சேர்த்தது.

"இப்போ சரியாயிடுச்சு அக்கா."

அஞ்சலை கீழே எட்டிப் பார்த்தது. கோழி நின்ற இடத்திலேயே நின்றது.

"முதல் வரியிலேருந்து வாசி," என்று சொல்லிவிட்டு மறுபடியும் இலை நுனிக்கு நடந்தது.