நிலாவில் அமாவாசை

நிலவின் பின்புறத்தில், சித்திரை விதைப்புக்காக மாரிக்கனி ஊறப்போட்ட பூசணி விதைகள் முளைவிட்டிருந்தன. இன்றே ஊன்றாவிட்டால் அழுகிவிடும். அப்புறம் கூலியாட்களுக்கு வருசம் முழுக்கப் பொடிக்கஞ்சிதான்.

மேஸ்திரி ஆவுடையப்பன் தோட்டத்துக் கதவைத் திறக்க மறுத்தார். "இன்னைக்கு அமாவாசை தாயி. விதைக்கக் கூடாதுன்னு கீழ பூமியிலருந்து உத்தரவு."

கண்ணாடிக் கூரைக்கு மேலே வெயில் கொளுத்தியது.

"அவுக கண்ணுக்கு நிலா தெரியலைன்னா நாம செத்தா போயிட்டோம் அண்ணாச்சி? அது மேல நின்னுக்கிட்டுதான பேசுதேன்!"

"வேலை போயிரும்."

"போட்டும். என்னை ஏத்திட்டுப் போக வண்டி வாரதுக்குள்ள பூசணி காய்ச்சிரும்."

மாரிக்கனி மண்வெட்டியால் பூட்டை ஓங்கி அடித்தாள். பூட்டு அசையவில்லை.

ஆவுடையப்பன் மண்வெட்டியைப் பிடுங்கினார். "இப்படியா அடிக்கது? தள்ளி நில்லு" என்று உள்ளங்கையில் எச்சில் துப்பிக்கொண்டார்.